கட்டிலருகே படிப்பது

அன்புள்ள சகோதரிக்கு,

பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவர் கண்ணயர்ந்த நேரத்தில் நாவலைக் கையில் எடுத்தாலே மனசு உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உறுத்தவே வேண்டாம், அம்மா. இரவும் பகலும் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் மூச்சுவிட ஒரு இடம் வேண்டும். ஆனால் எதைப் படிக்கலாம் என்பதை நோய் மாற்றிவிடுகிறது. அதைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். எங்கள் மையத்தில் துணைக்கு ஒருவரை உள்ளே விடுகிறார்கள். ஃபிஸ்டுலா இருக்கும் இடது கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. வலது கையில் பி.பி. பார்க்கும் பட்டை. அவளால் புத்தகத்தைப் பிடிக்க முடியாது. அதனால் நான் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கலையாதபடி தணிந்த குரலில் வாசிக்கிறேன்.

புது நாவல் அங்கே சரிப்படாது. நம் காதில் பாதி மெஷின் சத்தத்திலேயே இருக்கும். அது ஒருமுறை கூவினால் போதும், கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடும். முன்பே படித்தவைதான் கை கொடுக்கின்றன. எங்களுக்கு வாகாக அமைந்தவர் கி. ராஜநாராயணன். 1976இல் வந்த 'கோபல்ல கிராமம்' திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் கதை சொல்வதுபோலவே போகும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கரிசல் வெயில், தாகம், தண்ணீர் என்று வரும் இடங்களை நான் தாண்டிப் போவதில்லை. நாள் முழுவதுக்கும் தண்ணீரை அளந்து குடிக்கிறவள், அந்த வரிகளை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்கிறாள்.

அவள் தூங்கியபின் எனக்காகப் படிப்பது வேறு. டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரண'த்தை (1886) இளவயதில் படித்தபோது சாகிறவர்மேல்தான் கண் இருந்தது. இப்போது கெராசிம் மேல் இருக்கிறது. எஜமானின் வலி தணிய அவருடைய கால்களைத் தன் தோளில் தாங்கி, இரவெல்லாம் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கும் எளிய வேலைக்காரன் அவன். டயாலிசிஸ் முடியும் தறுவாயில் இவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்போது, பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடி அவனை நினைத்துக்கொள்கிறேன். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் வரும் பிரமநாயகம் பிள்ளையும் அப்படித்தான். ஜவுளிக்கடையில் உழைத்துவிட்டு வந்து, நோயாளி மனைவிக்கு அலுக்காமல் பணிவிடை செய்கிறார். பார்த்துக்கொள்கிறவர்களை இவ்வளவு கூர்ந்து எழுதியவர்கள் குறைவு. இவற்றை அவளுக்கு நான் வாசித்துக் காட்டுவதில்லை. நோயும் சாவும் அவளுக்குப் புத்தகத்திலிருந்து தெரிய வேண்டியதில்லை.

உங்கள் கணவருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை, முன்பு சுஜாதா என்றால் உயிர் என்கிறீர்கள். அப்படியானால் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எடுங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவர் முகம் பார்க்கும்படி உட்கார்ந்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். முகம் சோர்ந்தால் அதோடு விட்டுவிடுங்கள். அவர் தூங்கியபின் உங்கள் நாவலைப் படியுங்கள். அது என்ன நாவல் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்