திருத்தணிப் படிகளும் மஞ்சள் பொடியும்



திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? அடிவாரத்திலிருந்து இருவர் ஒரே நேரத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். ஒருவர் நேராக ஏறுகிறார். மற்றவர் வேண்டுதலின்படி ஒவ்வொரு படியிலும் குனிந்து, மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு ஏறுகிறார். சிறிது நேரத்தில் முன்னவர் உச்சியை நெருங்கியிருப்பார். பின்னவர் பாதி வழியில் இருப்பார். இருவருக்கும் படிகள் ஒன்றே. படியில் தங்கும் நேரம்தான் வேறு.

இதே தத்துவத்தைக் கொண்டு, மஞ்சள் பொடியில் சாயம் கலந்திருக்கிறதா என்றும் ஆராயலாம். அதற்கு உதவுவது மென்படல வண்ணப் பிரிகை. 1938-இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்னும் இருவர் மூலிகைச் சாறுகளை ஆராய இதனைக் கையாண்டனர்.

இதற்கான தகட்டின்மீது சிலிகா ஜெல் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். அடியிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். பேனா கூடாது; மையிலுள்ள சாயமும் ஏறிவிடும். மஞ்சள் பொடியை எத்தனாலில் கலக்கி வடிகட்டுங்கள். தெளிந்த சாற்றை நுண்குழாயால் கோட்டின்மீது சிறு பொட்டாக வையுங்கள். பக்கத்தில், முழு மஞ்சளை நாமே இடித்து எடுத்த சாற்றில் ஒரு பொட்டு. உணவில் தடை செய்யப்பட்ட மெட்டானில் மஞ்சள் சாயத்தில் ஒரு பொட்டு.

மூடியுள்ள ஜாடியில் 95 பங்கு குளோரோஃபார்ம், 5 பங்கு மெதனால் கலந்த கரைப்பானை அரை செ.மீ. உயரத்துக்கு ஊற்றித் தகட்டை நிறுத்துங்கள். பொட்டுகள் மூழ்கினால் கரைந்து போகும். இவற்றின் ஆவி நச்சுடையது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், நுண்துளைகளின் வழியே கரைப்பான் மேலேறும். சிலிகா ஒவ்வொரு பொருளையும் தன்னிடம் பிடித்து வைக்க முயலும். கரைப்பான் உடன் அழைத்துச் செல்ல முயலும். இப்போட்டியில் மஞ்சள் சாறு மூன்று பொட்டுகளாகப் பிரியும். மேலே நிற்பது குர்குமின். கீழே நிற்கும் இரண்டும் அதன் உறவுப் பொருள்கள்.

கரைப்பான் 8 செ.மீ. ஏறியபோது ஒரு பொட்டு 6 செ.மீ. ஏறியிருந்தால், 6 ÷ 8 = 0.75. இதுவே அதன் ஆர்.எஃப். மதிப்பு. நீளத்தை நீளத்தால் வகுப்பதால் இதற்கு அலகு இல்லை.

கடைப் பொடியின் சாற்றில், மெட்டானில் மஞ்சள் நிற்கும் அதே உயரத்தில் ஒரு பொட்டு தெரிகிறதா? ஐயம் வலுக்கிறது. வேறொரு கரைப்பானிலும் சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

அப்படிப் பொட்டு எதுவும் தெரியாவிட்டால் பொடி தூயதா? அவசரப்படாதீர்கள்! நிறத்துக்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட் எத்தனாலில் கரையாது, வடிதாளிலேயே தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம் இத்தகட்டின் கண்ணில் படவே படாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அடிவாரத்துக்கே வராதவரைப் படிகளில் தேடிக் காணாமல், ‘அப்படி ஒருவர் இல்லவே இல்லை’ என்று சொல்லலாமா?