உழவர் குழுவுக்கு ஓர் இணையதளம்
செலவின்றி அமைக்கவும் பராமரிக்கவும் வழிமுறைகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, பாகலூர், பேரிகை வட்டாரங்களில் ரோஜாவும் காய்கறிகளும் விளைகின்றன. சூளகிரி கொத்தமல்லித் தழைக்கும், இராயக்கோட்டை தக்காளிக்கும் பெயர் பெற்றவை. காவேரிப்பட்டணம், பர்கூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் மாவும் புளியும் முக்கிய வருமானம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஆலை கேன்டீன்களும், விடுதிகளும், புதுக் குடியிருப்புகளும் பெருகியுள்ளன.

வாங்குவோர் இவ்வளவு அருகில் இருந்தும், சிறு விவசாயியின் தோட்டத்தில் எந்த வாரம் என்ன சரக்கு, எத்தனை கிலோ இருக்கும் என்பது வழக்கமான மண்டிக்காரரைத் தவிர வேறு எவருக்கும் தெரிவதில்லை. 2025-ஆம் ஆண்டு மாம்பருவத்தில் பெங்களூரா ரகத்தின் விலை பறிப்புக் கூலிக்கும் கட்டாத அளவுக்குச் சரிந்தது. அப்போது கூழ் ஆலையையும் மண்டியையும் மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு வேறு வாங்குவோரைத் தேட அவகாசம் இல்லாமல் போயிற்று. பழம் மரத்தில் காத்திருப்பதில்லை.

இணையதளம் ஒன்று இருந்தால் விலை ஏறிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். விளைச்சல் மிகுந்து விலை வீழும்போது அதைத் தடுக்க எந்தத் தளத்தாலும் முடியாது. ஆனால் அறுவடைக்கு முன்பே நான்கு புதிய வாங்குவோர் குழுவின் பெயரை அறிந்திருந்தால், பேரம் பேச ஓர் இடம் கிடைக்கும். அந்த அளவுக்கே இணையதளத்தின் பயன். அதுவும், தளம் குழுவின் கையிலேயே இருந்து, வாரந்தோறும் பராமரிக்கப்பட்டால் மட்டுமே கிடைக்கும்.

முன் அனுபவம்

புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. கடற்கரை ஊரான வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய தகவல் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஊருக்கு அன்றன்று வேண்டிய செய்தியை அன்றன்றே சொன்னதுதான் அந்த மையத்தின் பலம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-05 முதல் மூன்று ஆண்டுகள் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தியது. சொட்டுநீர்ப் பாசனத்தோடு, விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து இடுபொருள் வாங்கவும் விளைபொருளை விற்கவும் அத்திட்டத்தில் பழகினர். தனி ஒருவரிடம் 20 கூடை தக்காளி இருந்தால் பெரிய வியாபாரி திரும்பிப் பார்ப்பதில்லை. 20 பேரின் தக்காளி ஒரே பெயரில் இருந்தால் லாரி தேடி வரும். எனவே இணையதளமும் தனி நபர் பெயரில் அமைவதைவிடக் குழுவின் பெயரில் அமைவதே நல்லது.

எந்தச் சேவை ஏற்றது?

இணையத்தில் வலைப்பூ எழுதுவதற்காக ஏற்பட்ட சேவைகளைக் கொண்டே ஒரு முழு இணையதளத்தை அமைத்துவிடலாம். பிளாக்கர் என்னும் சேவை 1999-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2003-இல் கூகுள் நிறுவனம் அதை வாங்கியது. வேர்ட்பிரஸ் என்பது 2003-இல் வெளிவந்த மற்றொன்று. இரண்டிலும் தமிழில் எழுதலாம். 2003 முதலே தமிழர் பலர் இவ்வகைத் தளங்களில் தமிழிலேயே எழுதி வந்துள்ளனர்.

சிறு குழுவுக்குப் பிளாக்கர் எளிது. அதற்குக் கட்டணம் இல்லை. கூகுள் கணக்கு ஒன்று போதும். தளத்தின் முகவரி 'பிளாக்ஸ்பாட்.காம்' என்று முடியும். 'இன்' அல்லது 'காம்' என்று மட்டும் முடியும் சொந்த முகவரி வேண்டுமானால் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அந்தப் பெயரை வேறு ஒருவர் வாங்கிவிடலாம். முதல் இரண்டு பருவங்களுக்கு இலவச முகவரியே போதுமானது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி எழலாம். வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி, அடுத்த நாள் வேறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். அதைக் குழுவில் உள்ளவர் மட்டுமே பார்க்க முடியும். இணையதளம் சாலையோரம் நட்ட பலகை போன்றது. தேடி வரும் எவரும் எப்போதும் பார்க்கலாம். தளத்தில் எழுதி, அதன் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதே சிறந்த முறை.

சாவி குழுவின் கையில் இருக்க வேண்டும்

பல குழுக்கள் இழப்பது இந்த இடத்தில்தான். கணினி தெரிந்த ஓர் இளைஞர் தம் சொந்த மின்னஞ்சலைக் கொண்டு தளத்தை அமைத்துக் கொடுப்பார். அவர் வேலை கிடைத்து வெளியூர் சென்றதும் தளத்தைத் திறக்க ஆள் இருக்காது. பழைய விலையும் பழைய செல்பேசி எண்ணும் அப்படியே நிற்கும். வாங்குவோர் இருமுறை அழைத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடுவர். பலகையே இல்லாதிருப்பதைவிடத் தவறான பலகை அதிகக் கெடுதல் செய்யும். இதைத் தவிர்க்கக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. குழுவின் பெயரில் புதிய மின்னஞ்சல் கணக்கு தொடங்க வேண்டும். அந்தக் கணக்கிலேயே தளம் அமைய வேண்டும்.

2. கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு, குழுவின் தீர்மானப் புத்தகத்துடன் பூட்டி வைக்க வேண்டும். கணக்கை மீட்பதற்கான செல்பேசி எண் பொறுப்பாளருடையதாக இருக்கட்டும். பொறுப்பாளர் மாறும்போது எண்ணையும் மாற்ற வேண்டும்.

3. இருபடிப் பாதுகாப்பு முறையை இயக்கி வைக்க வேண்டும். கடவுச்சொல் பிறருக்குத் தெரிந்தாலும், செல்பேசிக்கு வரும் எண் இல்லாமல் எவரும் நுழைய முடியாது.

4. பிளாக்கரில் 'நிர்வாகி', 'எழுதுபவர்' என இரு பொறுப்புகள் உண்டு. எழுதுபவர் தாம் எழுதியதை மட்டுமே திருத்தலாம். நிர்வாகி அனைத்தையும் மாற்றலாம். உதவும் இளைஞரை எழுதுபவராகச் சேர்த்து, நிர்வாகப் பொறுப்பைக் குழுவே வைத்துக்கொள்வது நன்று. நிர்வாகிகள் இருவர் இருப்பது பாதுகாப்பு.

5. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விடப்படும் கூகுள் கணக்கு நீக்கப்படலாம் என்ற விதி 2023-இல் வந்தது. எனவே பருவம் இல்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

அமைக்கும் முறை

முதல் அமைப்பைக் கணினியில் செய்வது எளிது. பிறகு செல்பேசியே போதும். பிளாக்கரில் நுழைந்து, தளத்துக்குப் பெயர் கொடுத்து, முகவரியைத் தெரிவு செய்ய வேண்டும். முகவரி ஆங்கில எழுத்தில் சிறியதாக, தொலைபேசியில் சொன்னால் தவறில்லாமல் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு தோற்றம் ஒன்றைத் தெரிவு செய்யலாம். வாங்குவோரில் பெரும்பாலோர் செல்பேசியில் பார்ப்பதால், அலங்காரம் குறைந்த தோற்றமே ஏற்றது.

பிளாக்கரில் 'பக்கம்', 'இடுகை' என இரு வகை உண்டு. பக்கம் என்பது கடையின் பெயர்ப்பலகை, அடிக்கடி மாறாது. இடுகை என்பது கடை வாசலில் உள்ள கரும்பலகை. அவ்வப்போது எழுதப்படும், புதியது மேலே நிற்கும்.

பக்கங்கள் மூன்று போதும். முதலாவது, குழுவைப் பற்றியது: ஊர், உறுப்பினர் எண்ணிக்கை, பரப்பு, பயிர்கள். இரண்டாவது, பயிர்ப் பட்டியல்: எந்தப் பயிர் எந்த மாதத்தில் கிடைக்கும் என்ற விவரம். மூன்றாவது, தொடர்பு: செல்பேசி எண், அழைக்க உகந்த நேரம், லாரி வர வழி. உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பட்டா விவரம் எதையும் தளத்தில் போடக் கூடாது.

இடுகைக்குத் தலைப்பு, தேதி, சரக்கு, அளவு, தரம், படம் ஆகியவை வேண்டும். ஒவ்வோர் இடுகைக்கும் 'மா', 'புளி', 'தக்காளி' என லேபிள் இட்டால், வாங்குவோர் வேண்டியதை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். படங்கள் மூன்று போதும். பகல் வெளிச்சத்தில், உண்மைச் சரக்கையே எடுக்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாதவர்கள், செல்பேசியில் பேசினால் எழுத்தாக மாறும் வசதியைப் பயன்படுத்தலாம். பிறகு ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். எண்கள் தவறாக விழுவதுண்டு.

பயிருக்கு ஏற்ற செய்தி

எல்லாச் சரக்குக்கும் ஒரே முறை பொருந்தாது. புளி, கேழ்வரகு போன்றவை இருப்பு வைத்து விற்கக்கூடியவை. வாரம் ஒருமுறை இருப்பை எழுதினால் போதும். மாவுக்குப் பூ பிடித்தது முதலே எழுதத் தொடங்கலாம். காய் முற்றும் வாரத்தையும் எதிர்பார்க்கும் அளவையும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். சந்தூர்ப் பகுதி நாற்றுப் பண்ணைகள், மா ஒட்டுக்கன்றுகளின் ரகம், வயது, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதலாம்.

கொத்தமல்லித் தழை காலையில் பிடுங்கினால் அன்றே போக வேண்டிய சரக்கு. அதற்கு இருப்பு எழுதிப் பயனில்லை. விதைத்த தேதியை எழுத வேண்டும். விதைத்த சுமார் 40 நாளில் தழை அறுவடைக்கு வரும் என்பதால், எந்த வாரம் சரக்கு இருக்கும் என்பதை வாங்குவோர் கணக்கிட்டு முன்பே பேசுவர். உறுப்பினர்களும் ஒருவர் விதைத்த வாரம் தவிர்த்து அடுத்த வாரம் விதைக்க இது உதவும்.

மூன்று மொழிப் பெயர்கள்

எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்குகின்றன. வாங்குவோர் தத்தம் மொழிப் பெயரைக் கொண்டே இணையத்தில் தேடுவர். இங்கே பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லப்படும் மா, வெளியூர் வியாபாரிக்குத் தோத்தாபுரி. கொத்தமல்லித் தழை கன்னடத்தில் கொத்தம்பரி சொப்பு. கேழ்வரகு எல்லார்க்கும் ராகி. ஆகவே சரக்கின் பெயரைத் தமிழோடு கன்னட எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் ஒரு வரியில் சேர்த்து எழுதினால், பெங்களூரு வாங்குவோர் தேடும்போது தளம் கண்ணில் படும். கன்னடம் அறிந்த ஓர் உறுப்பினரைக் கொண்டு சரிபார்ப்பது அவசியம்.

சொல்லும் சரக்கும் ஒன்றாக இருக்கட்டும்

'இயற்கை விளைபொருள்' என்று எழுதுவோர், உரிய சான்று இருந்தால் மட்டுமே எழுதுவது நல்லது. மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கால்சியம் கார்பைடு கல் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது. பழுக்க வைக்கும் முறையைத் தளத்தில் தெளிவாகச் சொன்னால் நம்பிக்கை வளரும். முதல் லாரியில் சிறு காய் கலந்து போனால், எத்தனை படம் போட்டாலும் அந்த வியாபாரி மறுபடி வரமாட்டார்.

தளத்தில் எண்ணைப் பார்த்து மோசடிக்காரர்களும் அழைப்பர். "முன்பணம் அனுப்புகிறோம், இந்தக் கோட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதை அழுத்தினால் நம் பணம்தான் போகும். செல்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் எவரிடமும் சொல்லக் கூடாது. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். புதிய வாங்குவோரிடம் பணம் வந்து சேர்ந்ததை வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே சரக்கை ஏற்ற வேண்டும்.

வாராந்திர வேலை

வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். குழுக் கூட்டத்தன்றே செய்துவிடுவது நல்ல பழக்கம்.

* வரும் வாரச் சரக்கை உறுப்பினர்களிடம் கேட்டு ஓர் இடுகை எழுத வேண்டும்.
* விற்றுத் தீர்ந்த சரக்கின் இடுகையில் 'விற்றாயிற்று' என்று சேர்க்க வேண்டும்.
* தொடர்பு எண் சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
* மாதம் ஒருமுறை தளத்தின் நகலை எடுத்துப் பென் டிரைவில் சேமிக்க வேண்டும்.
* அழைத்தவர் பெயர், ஊர், கேட்ட சரக்கு, தளத்தைப் பார்த்து வந்தாரா என்பதை ஒரு நோட்டில் குறிக்க வேண்டும்.

தளத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கையைப் பிளாக்கரே காட்டும். ஆனால் அந்த எண் பெரிதாவதால் மட்டும் லாபம் இல்லை. பருவ முடிவில் நோட்டைப் புரட்டி, தளத்தின் மூலம் வந்த வாங்குவோர் எத்தனை பேர், அவர்கள் கொடுத்த விலைக்கும் அன்றைய மண்டி விலைக்கும் வித்தியாசம் என்ன, வண்டி வாடகையும் கமிஷனும் போக மிஞ்சியது எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். மிச்சம் இருந்தால் தொடரலாம். இல்லையெனில் எந்தச் சரக்குக்கு அழைப்பு வந்தது என்று பார்த்து, அதை மட்டும் எழுதலாம். இந்தக் கணக்கு ஓரிரு பருவத்தில் தெளிவாகும். அதுவரை மண்டித் தொடர்பை அறுத்துக்கொள்ளக் கூடாது.

மாம்பருவத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே குழுவின் பெயரில் மின்னஞ்சலைத் தொடங்கி, பக்கங்களை எழுதி முடித்துவிட்டால், காய் முற்றும் நேரத்தில் தளம் தயாராக இருக்கும். சாகுபடி, ரகம் பற்றிய விவரங்களைத் தளத்தில் எழுதுமுன் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ அருகிலுள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.