எலும்புவழிக் கேள்வி

இரு செவிகளையும் விரலால் இறுக அடைத்து, வாய் திறவாது மெல்ல முரன்று பார்மின். புறத்தே எழும் ஒலி குன்ற, நம் குரலோ முன்னினும் பெரிதாய்க் கேட்கும். வாயில் அடைபட்ட வீட்டினுள் இவ்வொலி புகுந்தவாறு யாங்ஙனம்?

ஒலி உட்செவியை அடையும் வழி இரண்டு. ஒன்று காற்றுவழி. காற்றின் அதிர்வு செவித்துளையிற் சென்று செவிப்பறையைத் தாக்க, அதனைச் சார்ந்த மூன்று சிற்றெலும்புகள், நத்தையோடு போற் சுருண்ட உட்செவிக்கு அவ்வதிர்வை அளிக்கின்றன. உட்செவி அதனை நரம்புவழி மூளைக்கு உணர்த்துகின்றது. மற்றொன்று எலும்புவழி. மண்டையோடே அதிர்ந்து, துளையும் பறையும் வேண்டாது, உட்செவியை அசைத்தலாம்.

இதனை முன்னோரும் அறிந்திருந்தனர். 16-ஆம் நூற்றாண்டினரான இத்தாலிய அறிஞர் கார்டானோ, பற்களிடைப் பற்றிய கோலின் வழியே ஒலி உணரப்படுதலை எழுதிவைத்தார். 1879-இல் சிக்காகோ நகரத்து ரிச்சர்டு ரோட்ஸ் என்பார், மேற்பற்களில் விளிம்பு படப் பிடிக்கும் விசிறி போன்ற 'ஆடிபோன்' கருவிக்கு உரிமம் பெற்றார். 1977-இல் சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் நகரில், செவிப்பின் எலும்பில் டைட்டேனியத் திருகாணியைப் பதித்து, அதன்மேல் அதிர்வுக் கருவியைப் பொருத்தும் முறை தொடங்கிற்று. டைட்டேனியம் எலும்போடு ஒன்றிப் பிணையும் இயல்பினதாகலின், திருகாணி உறுதியாய் நிற்கும்.

இக்கருவி யாவர்க்குப் பயன்படும்? செவித்துளை அமையாது பிறந்தார்க்கும், ஓயாது சீழ்வடிதலால் காதினுள் கருவி செருகவியலாதார்க்கும் பெரிதும் உதவும். ஆயினும் உட்செவி நன்னிலையில் இருத்தல் வேண்டும். இரு உட்செவிகளும் முற்றும் கெட்டார்க்கு இதனாற் பயனில்லை. வாயிலைத் திறந்தும் வீட்டினுள் கேட்பார் இல்லாமை போலாம். ஆதலின் கருவியை நாடுமுன் குறை எவ்விடத்ததெனத் தெளிதல் இன்றியமையாதது. ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855-இல் எளிய சோதனையொன்றை வெளியிட்டார். அதிரும் இசைக்கவையைச் செவிக்கு எதிரே பிடித்தலினும் செவிப்பின் எலும்பில் ஊன்றுங்கால் ஒலி மிகுந்து கேட்பின், குறை காற்றுவழியிலெனப் பெரும்பாலும் கொள்ளலாம். இக்காலத்து மருத்துவர் வேறு பொறிகளாலும் அளந்து உறுதிசெய்வர்.

குழவிகளின் மண்டையோடு மெல்லியதாகலின், திருகாணி பதியாது, நெகிழ்பட்டையாற் கருவியைத் தலையோடு அணைத்துக் கட்டுவர். இதிற் காலந்தாழ்த்தல் தகாது; கேளாத குழவி பேச்சினைக் கற்றல் அரிதன்றோ?

அன்பர்காள்! 'செவிடு' என்னும் ஒரே சொல்லாற் பலரையும் நாம் சுட்டிவிடுகின்றோம். அவருட் சிலர்க்கு அடைபட்டது வாயில் மட்டுமே. அத்தகையார் நம் இல்லத்தோ அயலகத்தோ இருப்பின், அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுதல் கற்றார் கடனாம்.