மாரிகாலத் தோடம்பழச் சலாதும் வீட்டு வினாகிரியும்

பெரும்போக நெல் வயலில் நிற்கும் மார்கழி, தை மாதங்களிற் கமக்காரர் வீட்டு உணவு பெரும்பாலும் சோறும் ஒரு குழம்புமாகச் சுருங்கிவிடுகின்றது. அடைமழையினால் தோட்டத்து மரக்கறிகள் அழுகுகின்றன. சந்தைக்குச் செல்லும் பாதையும் சிலவேளை வெள்ளத்தாற் தடைப்படுகின்றது. அதே காலத்தில் வளவிலே தோடம்பழமும் பம்பளிமாசும் உதிர்ந்து கிடப்பதைப் பல ஊர்களிற் காணலாம். பங்குனி, சித்திரை மழையோடு பூத்த தோடை எட்டு ஒன்பது மாதங்களில் முற்றுமாதலின், அதன் பழம் இம்மாதங்களிலேயே கைக்கு வரும். உண்டது போக எஞ்சியதை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவதே வழக்கமாயிருக்கின்றது.

இப்பழத்தை வல்லாரை போன்ற பச்சையிலையோடு சேர்த்து, வீட்டிற் செய்த வினாகிரியும் நல்லெண்ணெயும் கலந்து ஊற்றிச் சோற்றோடு உண்ணும் முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. சலாது என்றவுடன் மலைநாட்டில் விளையும் சலாதுக் கீரையே பலருக்கு நினைவு வரும். இங்கு அச்சொல், சமைக்காது உண்ணும் கலவையைக் குறிக்கும். வல்லாரைச் சம்பல் உண்டு பழகிய நமக்கு இது புதிய உணவன்று. தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக எண்ணெயும், தேசிப்புளியோடு பழச்சுளையும் வருகின்றன, அவ்வளவே.

புளிப்பெல்லாம் ஒன்றல்ல

வினாகிரியும் புளிக்கும், தோடம்பழமும் புளிக்கும். ஆயின் உடம்புக்கு அவை செய்யும் வேலை வேறு. இதனை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டிய சோதனை 1747 ஆம் ஆண்டில் சாலிசுபரி என்னும் ஆங்கிலக் கடற்படைக் கப்பலில் நிகழ்ந்தது. பல கிழமைகள் உலருணவே உண்ட மாலுமிகளுக்கு முரசு வீங்கி இரத்தம் கசிதல், பல் ஆடுதல், எழுந்து நிற்க இயலாமை ஆகிய குறிகளோடு கூடிய நோய் உண்டாயிற்று. கப்பல் வைத்தியராகிய யேம்சு லிண்ட் என்பவர் அந்நோயாளர் பன்னிருவரைத் தெரிந்து, இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஒரு சோடிக்குக் கிடைத்தது வினாகிரி. இன்னொரு சோடிக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் கொடுக்கப்பட்டன. ஆறு நாளிற் பழம் தீர்ந்துபோயிற்று. ஆயினும் அப்பழம் உண்டவருள் ஒருவர் அதற்குள்ளேயே வேலைக்குத் திரும்பும் நிலையை அடைந்தார். வினாகிரி பெற்றவர்க்கு அத்தகைய பயன் ஏற்படவில்லை. இத்தனை தெளிவான முடிவு கிடைத்தும் ஆங்கிலக் கடற்படை தன் மாலுமிகள் எல்லோர்க்கும் எலுமிச்சஞ்சாறு வழங்கத் தொடங்கியது 1795 ஆம் ஆண்டிலேதான்.

பழத்திலிருந்து வினாகிரியில் இல்லாத அப்பொருள் விற்றமின் சி ஆகும். தோடம்பழச் சுளை 100 கிராமில் அது ஏறக்குறைய 50 மில்லிகிராம் உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதுமென உலக சுகாதார தாபனமும் உணவு விவசாய தாபனமும் கணித்துள்ளன. ஆகவே நடுத்தரப் பழமொன்றே ஒருநாட் தேவையை நிறைவு செய்யும்.

நம் வீடுகளில் முரசு கசியும் அந்நோய் அரிது. நமக்குள்ள குறை வேறு. பெண்களிடத்தும் குழந்தைகளிடத்தும் காணப்படும் இரத்தச்சோகைக்கு உணவில் இரும்புச்சத்துப் போதாமையும் ஒரு காரணம். கீரையிலும் பயற்றிலும் இரும்பு இல்லாமலில்லை. ஆனால் அவற்றிலுள்ள இரும்பிற் சிறு பங்கையே குடல் உறிஞ்சுகின்றது. அதே வேளை உணவில் விற்றமின் சி சேருமாயின் உறிஞ்சப்படும் பங்கு கூடுகின்றது. ‘அதே வேளை’ என்பதே இங்கு முக்கியமானது. காலையில் உண்ட பழம் மதியம் உண்ட கீரைக்கு உதவாது. சோற்றோடு தேநீர் அருந்தும் பழக்கம் இதற்கு நேர் எதிரான பயனைத் தருமாதலின், தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரமாவது பிற்படுத்துதல் நன்று. கர்ப்பிணிப் பெண்கள் வைத்தியசாலையில் வழங்கும் இரும்பு மாத்திரையை இச்சலாது உண்பதன் காரணமாக நிறுத்துதல் ஆகாது.

எண்ணெய்க்கும் ஒரு வேலை உண்டு. கீரையிலுள்ள கரோட்டீன் எண்ணெயோடு சேர்ந்தே உடம்பிற் சேரும். ஆதலால் எண்ணெயைச் சுவைக்காக மட்டும் ஊற்றுவதாகக் கருதற்க.

பழத்தைத் தெரிதல்

நம் நாட்டுத் தாழ்நிலங்களில் முற்றிய தோடையின் தோல் பச்சையாகவே இருக்கக் காணலாம். தோல் மஞ்சள் நிறம் பெறுவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அது இனிப்பின் அடையாளம் அன்று. பிபிலைப் பகுதியின் பெயர்பெற்ற தோடையும் பச்சைத்தோலோடு சந்தைக்கு வருவதுண்டு. கையில் எடுத்தாற் பருமனுக்கேற்ற பாரமும், தோலில் மினுமினுப்பும் உள்ளதே முற்றிய பழம். மரத்திலிருந்து பறித்தபின் இப்பழங்கள் மேலும் இனிப்பதில்லை. பிஞ்சிற் பறித்து வைக்கோலில் மூடிவைத்தாற் தோல் நிறம் மாறலாம், சுவை மாறாது. காம்பைச் சிறிது விட்டுக் கத்தரியால் வெட்டியெடுக்க வேண்டும். பிடுங்கினால் காம்படியிற் தோல் கிழிந்து அழுகல் தொடங்கும்.

சிங்கள மக்கள் ஜம்போலா என்று கூறும் பம்பளிமாசு இச்சலாதுக்கு மிக ஏற்றது. அதன் சுளை உதிர்ந்து முத்துமுத்தாகப் பிரியும். சாறு வடிந்து கலவையை நீராக்குவதும் இல்லை. வெள்ளைச் சதையையும் சுளைத்தோலையும் முற்றாக நீக்குதல் வேண்டும்; கசப்பு அவற்றிலேயே தங்கியுள்ளது. விதையும் கசக்கும். தோடையுட் சில இனங்கள் வெட்டியவுடன் இனித்து, அரைமணி ஒருமணி சென்றபின் கசக்கத் தொடங்கும். வெட்டுப்பட்ட பழத்திற் சாற்றின் புளிப்புப் பட்டுக் கசப்புப்பொருள் புதிதாக உண்டாவதே இதன் காரணம். எனவே இலையையும் கலவையையும் முன்னரே ஆயத்தம் செய்து, பழத்தை உணவு பரிமாறும் வேளையில் மட்டும் வெட்டுக.

இலையும் நீரும்

பச்சையாக உண்ணும் இலையில் ஒரு தீமை மறைந்திருத்தல் கூடும். அதனைக் கமக்காரர் பிறரினும் நன்கு அறிதல் வேண்டும். மாரியில் நிலத்தடிநீர் உயரும்பொழுது மலகூடத்துக் கழிவு கிணற்றை அடைதல் எளிது. வெள்ளம் புகுந்த கிணற்று நீரிற் கழுவிய வல்லாரை, கழுவாததினும் நல்லதென்று கூறமுடியாது. முதலில் மண் போக அலசி, பின்னர் கொதித்தாறிய நீரில் ஒவ்வோர் இலையாகக் கழுவுக. மேலே ஊற்றும் வினாகிரி கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பியிருத்தல் தவறு. சலாதில் ஊற்றும் அளவு அதற்குப் போதாது. வயல்வரம்பிற் தானாக முளைத்த வல்லாரையை, அருகே நெல்லுக்குப் பூச்சிநாசினியோ களைநாசினியோ தெளித்திருந்தால், எடுக்கவே வேண்டாம். தோட்டத்து இலையாயின், மருந்துப் போத்தலின் சிட்டையிற் குறித்த இடைவெளி நாட்கள் கழிந்தனவா என்று பார்க்க வேண்டும். சந்தைக்கு அனுப்பும் இலைக்கும் இதே விதியே.

வினாகிரி செய்தல்

வினாகிரி என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. பொருளோ அதற்கு முன்னரும் இருந்தது. கள்ளை நாட்கணக்கில் விட்டுவைத்தால் அது தானே புளித்து வினாகிரியாகும். கள் இறக்குதற்கு மதுவரிச் சட்டப்படி அனுமதி வேண்டுமாதலால், எல்லா வீட்டுக்கும் பொருந்துவது தேங்காய்நீரே. நாளொன்றுக்கு ஒரு காயின் நீரைச் சேர்த்து வைப்பதாற் பயனில்லை. அது ஒரு நாளிற் கெட்டுவிடும். கலியாணவீடு, கோயில் விசேடம் முதலிய நாட்களிற் பல காய்கள் உடைக்கப்படும். அன்று வீணே ஊற்றப்படும் நீரைத் துணியில் வடித்தெடுத்துக் கொள்க.

முற்றிய தேங்காய்நீரிற் சீனி மிகக் குறைவு. அதை அப்படியே புளிக்கவிட்டால் வலுவற்ற புளிநீரே கிடைக்கும். ஆகவே ஒரு லீற்றர் நீருக்கு 120 கிராம் சீனி கரைத்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, முற்றாக ஆறவிட வேண்டும். பின்னர், பாண் செய்வோர் பயன்படுத்தும் உலர் மதுவம் அரைத் தேக்கரண்டியை இளஞ்சூட்டு நீரிற் கரைத்துச் சேர்க்க. பாத்திரம் மண்ணாகவோ கண்ணாடியாகவோ இருத்தல் வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றைப் புளிப்பு அரிக்கும். செம்பு கரைந்த வினாகிரி நஞ்சாகும்.

இதன்பின் நடப்பவை இரண்டு வேலைகள். அவற்றை வேறுபடுத்தி அறியாமையே பலருக்கு வினாகிரி கெடுவதற்குக் காரணம். முதலில் மதுவம் சீனியை அற்ககோலாக மாற்றுகின்றது. இவ்வேலைக்குக் காற்று வேண்டியதில்லை. வாயுக்குமிழி வெளியேறத்தக்கதாக மூடியைத் தளர்வாக இட்டு ஏறக்குறைய ஒரு கிழமை வைக்க. மூடியை இறுக்கினாற் போத்தல் வெடிக்கும். குமிழி நின்றதும் தெளிவை மட்டும் அகன்ற வாயுள்ள சாடியில் வடித்து, நாலு பங்குக்கு ஒரு பங்கு பழைய வினாகிரி சேர்க்க வேண்டும். இரண்டாம் வேலையாகிய அற்ககோலைப் புளிப்பாக்கும் வேலையைப் பழைய வினாகிரியிலுள்ள பற்றீரியா செய்கின்றது. அதற்குக் காற்று இன்றியமையாதது. ஆதலாற் சாடியின் வாயை மூடியிட்டு அடைக்காது, ஈ புகாதவாறு இரட்டைத் துணியாற் கட்டி, நிழலில் வைத்துவிடுக. சில நாளில் மேலே ஓர் ஆடை படரும். அதைப் பழுதென்று நினைத்து எறிவோர் உளர். அதுவே வினாகிரியின் தாய். சாடியை அசைத்து அதனை அமிழ்த்தலாகாது. பச்சை, கறுப்பு நிறங்களிற் பஞ்சுபோன்ற பூஞ்சணம் தோன்றினால் மாத்திரம் முழுவதையும் கொட்டிவிடுக.

நாலு முதல் ஆறு கிழமைகளில் கள்மணம் நீங்கிக் கூரிய புளிமணம் உண்டாகும். அடுத்த முறைக்கு உறையாக ஒரு போத்தல் எடுத்துவைத்து, எஞ்சியதை வடித்து, ஆவி பறக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, கொதிக்கவிடாது இறக்கி, சுத்தமான போத்தல்களிற் கழுத்துவரை நிரப்பி இறுக மூட வேண்டும். காற்றுப்படின் பற்றீரியா புளிப்பையும் தின்றுவிடும், வினாகிரி சப்பிடும்.

உறையாகச் சேர்க்கும் பழைய வினாகிரி சூடாக்கப்படாத இயற்கை வினாகிரியாதல் வேண்டும். கடையில் விற்கும் செயற்கை வினாகிரி அசற்றிக்கமிலத்தை நீரிற் கரைத்துச் செய்தது. அதில் உயிருள்ள பற்றீரியா இல்லை. இறப்பர்ப்பாலை உறையவைக்கும் அமிலத்தைச் சிறிது நீரிற் கலந்து சமையலுக்கு எடுக்கும் துணிவு எவர்க்கும் வேண்டாம். அது குடலைச் சுட்டு உயிருக்கே மோசம் விளைக்கும். அப்போத்தலை அடுப்படியில் வைத்தலும் ஆகாது. வீட்டு வினாகிரியின் வலு அளந்தறியப்படாதது ஆகையால், நெடுநாள் வைக்கும் ஊறுகாய்க்கு அதனை நம்பாது சலாதுக்கும் சம்பலுக்கும் பயன்படுத்துதல் தகும்.

கலவையும் சலாதும்

வினாகிரியும் எண்ணெயும் சேர்ந்த கலவையைப் பிரான்சு நாட்டினர் வினைகிரெற் என்பர். ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் ஒலிவெண்ணெய் ஊற்றுவர். நமக்குச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் உண்டு. தேங்காயெண்ணெய் மாரிகாலத்திற்கு ஏற்றதன்று. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளின் குளிரில் அது உறைந்து இலைமேற் கட்டியாகப் படியும்.

ஐந்து ஆறு பேருக்கு, கடுகு அரைத் தேக்கரண்டியைப் பொடித்து, ஒரு தேக்கரண்டி பச்சைத்தண்ணீரிற் குழைத்துப் பத்து நிமிடம் வைக்க. கடுகின் காரம் தண்ணீர் பட்டபின்னரே பிறக்கும். நேரே வினாகிரியிற் போட்டாற் காரம் குன்றும். இதற்கிடையில் ஐந்தாறு சின்ன வெண்காயத்தை மெல்லிதாக அரிந்து ஒரு மேசைக்கரண்டி வினாகிரியில் ஊறவிட்டால் அதன் எரிவு தணிந்து இளஞ்சிவப்பு நிறமும் வரும். பின்னர் கடுகு, உப்பு கால் தேக்கரண்டி, சிறிது மிளகுத்தூள், விரும்பினால் அரைத் தேக்கரண்டி தேன் ஆகியவற்றை மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயோடு ஒரு போத்தலில் இட்டு, வெண்காயத்தை ஊறவைத்த வினாகிரியையும் வடித்து ஊற்றிக் குலுக்க வேண்டும். எண்ணெயும் புளியும் பிரிய முயலும். கடுகு அவற்றைச் சிறிதுநேரம் பிணைத்து வைக்கும். பழம் மிகப் புளிப்பானதாயின் வினாகிரியைப் பாதியாக்குக.

அரிந்த வல்லாரை இரண்டு பிடி, வெண்காயம், பச்சைமிளகாய் ஒன்று ஆகியவற்றைப் பீங்கான் பாத்திரத்தில் இட்டு, தோல் நீக்கிய மூன்று தோடம்பழச் சுளைகளையோ பாதிப் பம்பளிமாசையோ சேர்த்து, கலவையைக் கடைசியில் ஊற்றிப் பிரட்டுக. வறுத்து நொருக்கிய நிலக்கடலை ஒரு பிடி தூவினால் குழந்தைகள் விரும்பி உண்பர். மலைநாட்டார் வல்லாரைக்குப் பதில் சலாதுக் கீரையும் துருவிய கரற்றும் கொள்ளலாம். கரற்றுக்கு எண்ணெய் மிகவும் பொருந்தும்.

கொழுப்பைக் குறைக்கவும் இரத்த அழுத்தத்தைத் தணிக்கவும் கொடுக்கப்படும் மாத்திரைகளுட் சில, பம்பளிமாசோடு சேரும்போது உடம்பில் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும். அத்தகைய மாத்திரை உண்போர் வைத்தியரைக் கேட்டபின்னரே இப்பழத்தை உண்ணலாம். மீந்த சலாதை இரவுக்கு வைத்தலாகாது. வினாகிரிக் கலவை மட்டும் மூடிய போத்தலில் நாலைந்து நாள் இருக்கும். ஊற்றுமுன் மீண்டும் குலுக்குக.