திரையில் முடிந்த மருத்துவப் படிப்பும் எஃப்எம்ஜிஇ தேர்வும்

கேள்வி: 2016-இல் சீனாவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்த மகள், 2020 ஜனவரி விடுமுறைக்கு ஊர் வந்தபின் கொரோனாவால் திரும்பிச் செல்ல இயலாமல், மீதிப் படிப்பை இணையவழியில் முடித்து 2022 ஜூன் மாதத் தொடக்கத்தில் பட்டம் பெற்றார். எஃப்எம்ஜிஇ தேர்விலும் தேறிவிட்டார். ஆயினும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி போதாது, இரண்டாண்டு செய்ய வேண்டும் என்கிறார்கள். அவருக்கு அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சீனாவுக்குத் திரும்பாமலேயே 2023-இல் பட்டம் பெற்ற உறவினர் மகனுக்கோ தேர்வெழுதவே அனுமதியில்லையாம். இவை சட்டப்படி சரியா?
— வாசகர், நாமக்கல்

பதில்: வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியர் அப்பட்டத்தைக் கொண்டு மட்டும் இங்கே மருத்துவம் பார்க்க இயலாது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகச் சட்டத்தில் 2001-இல் சேர்க்கப்பட்ட 13(4ஏ) பிரிவும், அதனையொட்டி 2002-இல் வந்த தகுதிகாண் தேர்வு ஒழுங்குமுறைகளும் அவர் எஃப்எம்ஜிஇ என வழங்கும் தகுதிகாண் தேர்வில் தேற வேண்டும் என விதித்தன. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2020 செப்டம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கிய பிறகும் இத்தேர்வு தொடர்கிறது. 54 மாதப் படிப்பு, படித்த நிறுவனத்திலேயே ஓராண்டுப் பயிற்சி முதலானவற்றைக் கட்டாயமாக்கிய புதிய ஒழுங்குமுறைகள் 2021 நவம்பர் 18 முதல் நடப்பில் இருந்தாலும், அந்நாளுக்கு முன்பே படிப்பில் சேர்ந்த மகளையும் உறவினர் மகனையும் அவை கட்டுப்படுத்தா.

இங்கு பல பெற்றோர் தேர்வில் தேறுவதையும் மருத்துவராகப் பதிவு பெறுவதையும் ஒன்றெனக் கருதிவிடுகின்றனர். தேர்வெழுதும் தகுதி, தற்காலிகப் பதிவு (பயிற்சி மருத்துவராக மட்டும் பணிபுரிய மாநில மருத்துவ மன்றம் தரும் அனுமதி), பயிற்சிக்குப் பின் கிடைக்கும் நிரந்தரப் பதிவு ஆகிய மூன்றும் தனித்தனிப் படிகள். ஒன்றைக் கடந்தவர் அடுத்ததை உரிமையாகக் கோர முடியாது. இதனை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 29 அன்று, தேசிய மருத்துவ ஆணையம் எதிர் பூஜா தந்து நரேஷ் என்னும் வழக்கில் தெளிவாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த அவ்வழக்கில், சீனாவில் படித்து, இறுதிக்கட்ட மருத்துவமனைப் பயிற்சியை இணையவழியில் முடித்து, தகுதிகாண் தேர்விலும் தேறியவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி. ராமசுப்பிரமணியன் ஆகியோர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கிவிட்டது என்பதாலேயே நேரடிப் பயிற்சி முடிக்காத ஒருவரைப் பதிவு செய்ய ஆணையம் கடமைப்பட்டதன்று எனக் கூறினர். அதே வேளையில், தம் பிழையின்றிச் சிக்கிக்கொண்ட மாணவர்களின் திறமை வீணாகாதபடி, விடுபட்ட பயிற்சியை இந்தியாவிலேயே பெறுவதற்கு ஒருமுறை மட்டும் பொருந்தும் திட்டம் வகுக்குமாறும் ஆணையத்தைப் பணித்தனர்.

இத்தீர்ப்பின் முதற்பகுதி கடுமையாகத் தோன்றினாலும் சரியானதே எனக் கொள்வதற்குத் தேர்வின் அமைப்பே காரணமாகிறது. எஃப்எம்ஜிஇ என்பது கணினியில் எழுதும் 300 கொள்குறி வினாக்களைக் கொண்டது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத அதில் 150 பெற்றால் தேர்ச்சி. நோயாளி மூச்சை உள்ளிழுக்கையில் வீங்கிய கல்லீரலின் விளிம்பு விரல் நுனியில் வந்து இடிப்பதையும், பிரசவ அறையில் தலை இறங்கும் நேரத்தில் கை எங்கிருக்க வேண்டும் என்பதையும் அத்தேர்வு சோதிப்பதில்லை. அவற்றைத் திரையில் கற்பிக்கவும் இயலாது. ஆகவே தேர்வின் தேர்ச்சி, வார்டில் கழியாத மாதங்களை ஈடுசெய்யாது.

தீர்ப்பின் இரண்டாம் பகுதிக்கு இணங்க, 2022 ஜூலை 28 அன்று ஆணையம் வெளியிட்ட பொது அறிவிப்பில், கொரோனா அல்லது உக்ரைன் போர் போன்ற காரணங்களால் நாடு திரும்ப நேர்ந்த இறுதியாண்டு மாணவர்களுள், 2022 ஜூன் 30 அன்றோ அதற்கு முன்போ படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் தகுதிகாண் தேர்வை எழுதலாம் என்றும், தேறியபின் சுழற்சிமுறைக் கட்டாயப் பயிற்சியை (பல துறைகளிலும் மாறி மாறிப் பணிபுரியும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை) இரண்டாண்டு முடித்தால்தான் பதிவு கிடைக்கும் என்றும் கூறப்பட்டது. ஆகவே, மகள் பெற்ற தேர்வு வாய்ப்பும் அவர்மேல் சுமத்தப்பட்ட இரண்டாம் ஆண்டும் ஒரே அறிவிப்பின் இரு பகுதிகள். சலுகையை ஏற்றுக்கொண்டு நிபந்தனையை மட்டும் எதிர்ப்பது நீதிமன்றத்தில் எளிதில் நிற்காது.

உறவினர் மகனின் நிலை இன்னும் வருத்தத்திற்குரியது; 2023-இல் பட்டம் பெற்ற அவர் அந்த ஜூன் 30 எல்லையைத் தாண்டிவிட்டார். ஒரு நாள் பிந்தினாலும் வாசலை மூடிவிடும் இத்தகைய இறுதி நாள்களை அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு தரும் சமத்துவ உரிமையின் பேரில் எதிர்க்கலாம் என்றாலும், முற்றிலும் காரணமற்றதென மெய்ப்பித்தால் அன்றி நீதிமன்றங்கள் அவற்றை மாற்றுவது அரிது. மேலும், இணையவழியில் மட்டும் முடித்த படிப்பு ஏற்கப்படாது என 2022 பிப்ரவரியிலேயே ஆணையம் எச்சரித்திருந்தது. 2022 ஆகஸ்ட் இறுதியில் சீனா மாணவர் விசா வழங்கலை மீண்டும் தொடங்கியதால், அவர் திரும்பிச் சென்று நேரில் பயின்றிருக்கலாமே என்ற வினாவும் எழும். ஆயினும் விசா கையில் கிடைத்த நாள், விமானக் கட்டணம், பல்கலைக்கழகம் திரும்ப அழைத்த நாள் ஆகியவற்றைக் காட்டி, அவருக்கு உண்மையில் அந்த வாய்ப்பு இருக்கவில்லை என நிறுவ முடிந்தால் வழக்கு வலுப்பெறும். படிப்பை முடிக்கவே இயலாமல் திரும்பிய மூத்த மாணவர்கள் இங்குள்ள எம்பிபிஎஸ் இறுதித் தேர்வுகளை எழுத உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் வழிசெய்தது என்றாலும், ஏற்கெனவே பட்டம் பெற்றுவிட்ட அவருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. இப்போதேனும் அதே பல்கலைக்கழகத்தில் விடுபட்ட வகுப்புகளையும் பயிற்சியையும் நேரில் ஈடுசெய்து, அதற்கான சான்றுடன் மீண்டும் விண்ணப்பிப்பதே அவருக்கு நடைமுறையில் பயன்தரும் வழி.

மகளைப் பொறுத்தவரை, எந்தெந்தப் பருவங்கள் நேரில், எவை இணையவழியில் என்பதைப் பிரித்துக் காட்டும் பல்கலைக்கழகக் கடிதத்தையும், குடிநுழைவு முத்திரையுள்ள கடவுச்சீட்டுப் பக்கங்களையும் முதலில் திரட்ட வேண்டும். மருத்துவமனைப் பயிற்சியில் பெரும்பகுதி 2020-க்கு முன்பே நேரில் நடந்தது என ஆவணம் காட்டினால், இரண்டாண்டைக் குறைக்கக் கோரும் மனுவுக்கு அடிப்படை கிடைக்கும். அம்மனுவை மாநில மருத்துவ மன்றத்திடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்று, வாய்மொழி மறுப்பை ஏற்காமல், காரணங்களுடன் கூடிய ஆணையை எழுத்தில் கேட்க வேண்டும். 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் ஆராய்வது அந்த ஆணையைத்தான். மனு நிலுவையில் இருக்கும்போதே பயிற்சி இடம் கிடைத்தால், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை எனக் கடிதம் கொடுத்துவிட்டு அதில் சேர்ந்துவிடுவதே நல்லது. வெளிநாட்டில் படித்தவர்களுக்குக் கல்லூரிகளில் ஒதுக்கப்படும் பயிற்சி இடங்கள் குறைவு என்பதால், தவறவிட்ட இடம் எளிதில் மீண்டும் கிடைக்காது.