தூரம் கூடினால் நேரம் குறையுமா?

கேள்வி: டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 12,400 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. பறக்கும் விமானத்துக்கு 14 மணி நேரம் போதுமே! டிக்கெட்டில் 16 மணி நேரம் என்று இருக்கிறது. எதை நம்புவது? சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அம்மாவைத் தனியாக அனுப்புவதால் கேட்கிறேன்.
– வாசகி, சேலம்

பதில்: டிக்கெட்டில் உள்ளதையே நம்புங்கள். 12,400 கி.மீ. என்பது உருண்டையான பூமியின் மேல் இரு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது மத்திய ஆசியா, ரஷ்யாவைக் கடந்து வட துருவப் பகுதி வழியாகப் போகும். விமானம் அதே கோட்டில் போக வேண்டும் என்பதில்லை. எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது, அவசரத்துக்கு இறங்க எங்கே விமான நிலையம் உண்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றெல்லாம் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் பாதையை முடிவு செய்கிறார்கள்.

இதில் காற்றின் பங்கு மிகப் பெரியது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற வேகக் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய பசிபிக் பகுதியில் இதன் வேகம் மணிக்கு 200 கி.மீட்டரையும் தாண்டும்.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதைப் பயன்படுத்திக்கொண்டது. அதுவரை அட்லாண்டிக் வழியாகச் சென்ற இதே டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆனது. ஆனாலும் பதினாலரை மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்தது. வகுத்துப் பாருங்கள்: மணிக்குச் சராசரியாக 1,055 கி.மீ.! எஞ்சின் தரும் 900-க்கு மேலே உள்ள வேகம் பின்னாலிருந்து தள்ளிய காற்றின் கொடை. அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் அந்த அளவு வேகம் குறையும். போக ஒரு நேரமும் வர வேறு நேரமும் ஆவது இதனால்தான்.

டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே நிறுத்துமிடத்தில் போய் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம்.

அம்மாவின் மாத்திரைக்குப் போய்ச் சேரும் ஊரின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கோடையில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தாலும், அங்கே அதே நாள் காலை 7.30தான் ஆகியிருக்கும். கடிகாரத்தை நம்பினால் ஒரு வேளை மாத்திரை தவறிவிடும். இந்த 16 மணி நேரக் கணக்கை டாக்டரிடம் சொல்லி, கிளம்பிய எத்தனையாவது மணியில் எந்த மாத்திரை, எப்போது சாப்பாடு என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டும் மாத்திரைகளும் அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும்.