அனுமதி இலவசம், அவசரம் எதற்கு?

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், முதல் மாதத்திலேயே பிக்பென், டவர் பாலம், மெழுகுச்சிலைக் காட்சி எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கும் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் போகிறார்கள். போய் வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் சொல்வது, "ஒண்ணுமே புரியலை அங்கிள்." மீதிப் பேர் அதையும் சொல்வதில்லை, செல்ஃபி மட்டும் அனுப்புகிறார்கள். இந்த இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓவியனும் இல்லை, விமர்சகனும் இல்லை. இந்த ஊரிலேயே தலை நரைத்தவன், அந்தக் கட்டடத்துக்குள் நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவன். அவ்வளவுதான் என் தகுதி.

1. சரியான டேட்டுக்குப் போங்கள்.

இந்த ஊரில் டேட் இரண்டு. சர்க்கரை வியாபாரத்தில் பணம் சேர்த்த ஹென்றி டேட்டின் கொடையில் 1897-இல் திறந்தது மில்பேங்கில் இருக்கிறது. இப்போது அதன் பெயர் டேட் பிரிட்டன். நான் சொல்வது 2000-இல் திறந்த டேட் மாடர்ன், பேங்க்சைடில் இருப்பது. கிட்ட இருக்கும் ரயில் நிலையங்கள் சதக், பிளாக்ஃபிரையர்ஸ். முதல் தடவை மட்டும் செயின்ட் பால்ஸ் நிலையத்தில் இறங்கி, மில்லினியம் நடைபாலத்தில் நடந்தே ஆற்றைக் கடந்து போங்கள். முதுகுப் பக்கம் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம், எதிரே செங்கல் புகைபோக்கி. புகைபோக்கியின் உயரம் 99 மீட்டர். குவிமாடத்தை மிஞ்சாத அளவு. இந்த ஊர் எதற்கு எந்த இடம் கொடுத்தது என்பது பாலத்தின் நடுவில் நின்றாலே விளங்கிவிடும்.

2. படங்களுக்கு முன்னால் கட்டடத்தைப் பாருங்கள்.

இது மின்நிலையமாக இருந்த இடம். வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் வடிவமைத்ததுதான். 1981-இல் மின் உற்பத்தி நின்றது. பிறகு ஸ்விட்சர்லாந்தின் ஹெர்சாக், டி மூரோன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் இதைக் கலைக்கூடமாக மாற்றினார்கள். டர்பைன்கள் ஓடிய கூடத்தைத் தளம் தளமாகப் பிரித்திருந்தால் எத்தனையோ அறைகள் கிடைத்திருக்கும். அவர்கள் அதை வெற்றிடமாகவே விட்டார்கள். 155 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். ஆற்றுப் பக்க வாசலை விட்டுவிட்டு, மேற்குப் பக்கச் சரிவு வழியாக இறங்கி உள்ளே நுழையுங்கள். அந்த உயரத்தைத் தலை நிமிர்த்திப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் மற்றதெல்லாம் பிடிபடும்.

3. எல்லாவற்றையும் பார்க்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனாலும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி ஒன்று விடாமல் ருசி பார்க்கத்தான் நம்மவர்களுக்குக் கை துடிக்கிறது. ஒரு மணி நேரத்தில் நாலு தளத்தையும் சுற்றிவிட்டு, காலும் வலித்து, தலையும் கனத்து, "ஒண்ணும் புரியலை" என்று வீடு திரும்புகிறார்கள். காசு கொடுத்திருந்தால் அந்த அவசரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. இங்கே நாளைக்கும் வரலாம், அடுத்த சனிக்கிழமையும் வரலாம். ஒரு வருகைக்கு இரண்டு அறை, நாலைந்து படைப்பு போதும். மற்ற அறைகளை வெட்கமில்லாமல் கடந்து போங்கள்.

4. கட்டணக் கண்காட்சிகளுக்கும் வழி உண்டு.

சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும், அதன் விலை மாணவர் பையைக் கடிக்கும். வயது 16 முதல் 25 வரை என்றால் 'டேட் கலெக்டிவ்' என்ற திட்டத்தில் சேருங்கள். சேரக் கட்டணம் இல்லை, கண்காட்சி டிக்கெட் 5 பவுண்டுக்குக் கிடைக்கும். அந்த வயதைத் தாண்டியவர்கள் இலவச அறைகளிலேயே ஒரு வருடம் ஓட்டலாம். ஒன்றும் குறைந்துபோகாது.

5. தேடிப் போவது சுவரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே படைப்புகள் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. சில கிடங்குக்குப் போகும், சில வேறு ஊருக்கு இரவல் போகும், சில மில்பேங்க் டேட்டுக்கு மாறும். டேட்டின் இணையதளத்தில் படைப்பின் பெயரைத் தேடினால் இப்போது காட்சியில் இருக்கிறதா, எந்த அறையில் என்று போட்டிருக்கும். நான் கீழே சொல்கிறவற்றுக்கும் இதே நிபந்தனைதான்.

6. விவர அட்டையைக் கடைசியில் படியுங்கள்.

பெரும்பாலோர் அறைக்குள் நுழைந்ததும் சுவரில் ஒட்டிய அட்டைக்குத்தான் போகிறார்கள். அதை முழுக்கப் படித்துவிட்டு, படைப்பை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்து, அடுத்த அட்டைக்கு நகர்கிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் தூரத்தில் நில்லுங்கள். பிறகு கிட்டப் போங்கள். எதனால் செய்தது, எப்படிச் செய்திருப்பார்கள், எது கண்ணை இழுக்கிறது, எது உறுத்துகிறது என்று உங்களையே கேளுங்கள். சுற்றி வர முடிந்தால் சுற்றி வாருங்கள். எல்லாம் ஆன பிறகு அட்டையைப் படித்து, மறுபடி ஒரு தடவை படைப்பைப் பாருங்கள். அட்டை சொன்னது கண்ணில் படுகிறதா என்று சோதிப்பது உங்கள் வேலை. படவில்லை என்றால் அட்டை எழுதியவரோடு மனசுக்குள் சண்டை போடலாம், தப்பில்லை.

7. "இதை என் தம்பியே செய்வானே" என்று தோன்றினால், அங்கேயே நில்லுங்கள்.

அந்த எண்ணம் வருகிற இடம்தான் நல்ல இடம். அமெரிக்கரான கார்ல் ஆந்த்ரே 120 தீச்செங்கற்களை இரண்டு அடுக்காகத் தரையில் அடுக்கினார். 'ஈக்விவலென்ட் 8' என்று பெயர். டேட் அதை 1972-இல் வாங்கியது. 1976-இல் பத்திரிகைகள் கண்டுபிடித்து, மக்கள் பணத்தில் செங்கலா என்று ஊரையே கூட்டின. ஒருவர் வந்து அதன்மேல் நீலச் சாயத்தையும் ஊற்றினார். கோபப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள்: இதே 120 கல்லைப் பல வகையாக அடுக்கிப் பார்த்த வரிசையில் இது எட்டாவது. கனஅளவு ஒன்றுதான், உருவம் மட்டும் வேறு. பீடமும் இல்லை, பூச்சும் இல்லை. சிலை என்றால் நிமிர்ந்து நிற்கும், யாரையாவது போல் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததை அது காலடியில் கிடந்தபடியே கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கோபப்படுங்கள்.

ஓவியர் மத்தீஸின் 'நத்தை'யும் அப்படித்தான். 1953-இல் செய்தது. வண்ணம் பூசிய காகிதத் துண்டுகளை வெள்ளைத் தாளில் ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். குழந்தை ஒட்டியது போல இருக்கும். ஆனால் அதன் முன் நின்றால் உங்களைவிட உயரம், பக்கத்துக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எண்பதைத் தாண்டி, நோயில் விழுந்து, முன்போல் நின்று தீட்ட முடியாத நிலையில், உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாளைக் கத்தரித்துச் செய்தார். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் என்பதில் ஒரு ஆயுள்கால அனுபவம் இருக்கிறது. ஒரு துண்டை மனசுக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். படம் சரிந்துவிடும்.

8. உட்காருங்கள்.

பெஞ்சு போட்டிருப்பது கால் வலிக்கு மட்டும் இல்லை. ஓவியர் மார்க் ரோத்கோவுக்கு 1958-இல் நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்தில் இருந்த ஆடம்பர உணவகத்துக்குப் படங்கள் வரையும் வேலை வந்தது. வரைந்தார். பிறகு அந்தச் சாப்பாட்டு மேசைகளுக்கு மேல் தன் படங்கள் தொங்க வேண்டாம் என்று முடிவு செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பதை டேட்டுக்குத் தந்தார். 1970 பிப்ரவரி 25 அன்று படங்கள் லண்டன் வந்து சேர்ந்தன. அதே நாளில் அவர் நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டார். அவை மாட்டியிருக்கும் அறையில் வெளிச்சம் குறைவாக இருக்கும், அவர் விரும்பியபடியே. உள்ளே போனதும் கறுப்பும் கருஞ்சிவப்பும் தவிர ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து கண் பழகிய பிறகுதான் ஒரு சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு எழுந்து வரும், ஓரங்கள் மெல்ல அசையும். நின்றபடி எட்டிப் பார்ப்பவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

9. டர்பைன் ஹாலில் கூச்சத்தை விடுங்கள்.

இங்கே அவ்வப்போது ஒரே ஒரு கலைஞருக்கு அந்தக் கூடம் முழுவதையும் கொடுத்துவிடுவார்கள். 2003-இல் ஓலஃபுர் எலியாசன் அங்கே சூரியனைக் கொண்டுவந்தார். விளக்குகளால் அரைவட்டம் மட்டும் செய்து, கூரை முழுக்கக் கண்ணாடி பதித்து, பிம்பத்தால் மறுபாதியை முடித்தார். ஜனங்கள் தரையில் மல்லாக்கப் படுத்து, மேலே தங்கள் உருவத்துக்குக் கையாட்டினார்கள். படுக்கச் சொல்லி யாரும் பலகை வைக்கவில்லை. 2010-இல் சீனாவின் ஐ வெய்வெய், கையால் செய்து கையால் தீட்டிய 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டிப் பரப்பினார். முதலில் அதன்மேல் நடக்க விட்டார்கள். தூசி கிளம்பியதும் தடுத்துவிட்டார்கள்.

இவை இப்போது இல்லை. ஒன்றின் தடம் மட்டும் இருக்கிறது. கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ 2007-இல் அந்தத் தரையை நீளவாக்கில் பிளந்து ஒரு விரிசலை ஓடவிட்டார். எல்லை தாண்டி வந்தவர்களும் நிறவெறிக்கு ஆளானவர்களும் வாழ்கிற பிளவைப் பற்றியது அது. கண்காட்சி முடிந்ததும் பூசி அடைத்தார்கள். தழும்பு இன்னும் தெரிகிறது. குனிந்து தேடுங்கள். விசாவோடு வந்து இறங்கிய உங்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது.

10. தெரிந்த ஊர் எதிர்ப்பட்டால் விடாதீர்கள்.

பெங்களூரில் வாழும் ஷீலா கௌடாவின் 'பிஹோல்ட்' என்ற படைப்பு டேட் சேகரிப்பில் இருக்கிறது. கார் பம்பர்கள், அவற்றைத் தாங்கித் தொங்கும், தரையில் சுருண்டு கிடக்கும் கறுப்புக் கயிறுகள். கயிறு மனிதத் தலைமுடியால் திரித்தது. வெள்ளைக்காரர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். முடி காணிக்கையும், வண்டிக்குத் திருஷ்டிக் கயிறும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது அட்டைக்கு முன்பே புரியும். நேர்ந்துகொண்டு இழந்தது, பாரத்தைத் தாங்குகிறது. இரும்புக்குக் காவல் முடி. சரி, உங்களுக்குப் புரியாத மற்ற அறைகளில் வேறு நாட்டுக்காரர் யாரோ இப்படிப் புரிந்துகொண்டு நிற்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் சில்டோ மெய்ரெலெஸ் அடுக்கிய வானொலிப் பெட்டிக் கோபுரத்தின் முன் நிற்கும்போது இது எனக்கு உறைக்கும். அத்தனை பெட்டிகளும் வெவ்வேறு நிலையங்களில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும்.

11. ஒழுங்கு சில.

தொடாதீர்கள். தரையில் கிடப்பதும் படைப்பாக இருக்கலாம், பின்னால் நகரும்போது கவனம். சேகரிப்பு அறைகளில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம், ஆனால் பார்த்த பிறகு எடுங்கள். பெட்டி படுக்கையோடு வராதீர்கள். அறையில் நிற்கும் பணியாளர்களிடம் பேசுங்கள். நாள் முழுக்க அந்தப் படைப்போடு இருக்கிறவர்கள், நன்றாகச் சொல்வார்கள். மாடியிலிருந்து ஊரைப் பார்க்கலாம், எதிர் வீட்டுக்குள் பார்க்கக் கூடாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை: பத்தாம் தளத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கண்ணாடிச் சுவர்களுக்குள் உற்றுப் பார்க்கிறார்கள் என்று பக்கத்து அடுக்ககக்காரர்கள் வழக்குப் போட்டு, 2023-இல் உச்சநீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள்.

12. வயிற்றைக் கவனியுங்கள்.

உள்ளே சாப்பாடு விலை அதிகம். புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், வெளியே ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இலவசம்தானே, பிறகு மறுபடி உள்ளே போகலாம். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்களுக்குப் புரியாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

13. வீட்டுக்கு வந்து யாருக்காவது சொல்லுங்கள்.

பார்த்ததில் ஒன்றை, படம் அனுப்பாமல், வாயாலேயே ஃபோனில் விவரியுங்கள். எவ்வளவு பெரியது, எதனால் ஆனது, எங்கே நின்றால் எப்படித் தெரிந்தது. சொல்ல முடிந்தால் பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு "எனக்குப் பிடிக்கலை" என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். அங்கே இருப்பதில் பலவும் எனக்கும் பிடிக்காது. சொல்ல வராவிட்டால் தீர்ப்பை ஒத்திவையுங்கள். அடுத்த வாரமும் வாசலில் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.